செலவுக் கணக்கில் ஒரு கல்

குடியாத்தத்தில்
தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தின் மாடியில்
இரண்டாம் ஞாயிறுதோறும் கூடுகிறது
எங்கள் வரலாற்றுக் கழகம்.
பதிவேட்டில் பத்தொன்பது பேர். வருவது ஆறு.
கத்திரி வெயிலில் நான்கு.
கீழே எந்திரம் ஓடினால்
மேலே பல்லவர் காலம் அதிரும்.

'கல்லு பாக்கறவங்க' என்பார்கள் எங்களை.
மனை அளக்க வந்தோமென்று
ஒரு ஊரில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.
இன்னொரு ஊரில்
நாங்கள் குனிந்து பார்த்த இடத்தையெல்லாம்
விடிவதற்குள் இடுப்பளவு தோண்டியிருந்தார்கள்.

ஏரி மதகுக்குக் கீழே
பூங்காவனம் துவைக்கிற கல்லில் ஒரு ஆள் நிற்கிறான்
என்று வந்து சொன்னது
தண்ணீர் லாரி ஓட்டும் சம்பங்கி.

"இருக்கான், தெரியும்" என்றாள் பூங்காவனம்.
"போர்வை கசக்கறப்ப
என் விரல்முட்டி போயி அவன் முட்டியில இடிக்கும்.
அவன் இடுப்பாண்ட தேச்சா
காலர் அழுக்கு சீக்கிரம் போவும்."

சவுக்காரம் போகக் கழுவவே ஒரு மணி நேரம்.
ஈரத்தாளை ஒட்டி, தட்டித் தட்டி
மை ஒற்றினோம்.
முதலில் வில் வந்தது.
தொடையில் ஓர் அம்பு, மார்பில் இரண்டு.
தலைக்கு மேல் மூன்று வரி வட்டெழுத்து.
சி.எம்.சி. ஆய்வகத்தில்
முப்பது வருடம் ரத்தத்தில் கிருமி தேடிய ஹில்டா அக்கா
கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டினார்:
தொறு மீட்டுப் பட்டான்.
மாடுகளை மீட்டுவிட்டுச் செத்தவன்.

யார்?
பெயர் இருந்த இடத்தில் ஒரு வழவழப்பு.
எத்தனை தலைமுறை வேட்டியோ, புடவையோ.
கடைசி எழுத்து மட்டும் மிச்சம்:
ன்.

அந்த ஒரு ன்-னுக்கு
அடுத்த வாரமே இரண்டு பேனர் ஏறியது,
ஊர்த்தெருவில் ஒன்று, காலனியில் ஒன்று.
இரண்டிலும் அவனுக்கு மீசை வைத்திருந்தார்கள்.
இரண்டு மீசையும் வேறு வேறு.
"எங்க ஆளுதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார்,
கழகத்துக்கு ஒரு பீரோ, அஞ்சு ஃபேன்."
பொருளாளர் இம்தியாஸ்
மூன்று மாதமாய்ச் சுற்றாத எங்கள் ஒரே ஃபேனை
அண்ணாந்து பார்த்தார்.
பிறகு கணக்கு நோட்டை மூடினார்.

எழுதிக் கொடுத்தோம், இரு தெருவுக்கும்
ஒரே கடிதத்தின் இரண்டு நகல்:
பெயர் சிதைந்துள்ளது.
கல்லில் இல்லாததைக் கழகம் எழுதுவதற்கில்லை.

அன்றைக்குத்தான்
இரு தெருவும் ஒன்றாக நின்றன,
எங்களைத் திட்டுவதற்கு.
சந்தாதாரர் இருவர் விலகினார்கள்.
தாசில்தார் வந்து
கல்லைக் கரைமேல் நிறுத்தி
பச்சைக் கம்பி வேலி போட்டார்.

நான்காம் நாள்
மாடிப்படி ஏறி வந்தாள் பூங்காவனம்.
மூச்சு வாங்க நின்றாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.
"கல்ல எடுத்துக்கினீங்க.
நான் எதுல தொவைக்கிறது?"

ஆயிரத்து இருநூறு வருடம் பற்றி
அத்தனை பேர் அத்தனை பேசினோமே,
புதன்கிழமைத் துணியைப் பற்றி
ஒருவருக்கும் தோன்றவில்லை.

தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை.
பள்ளிகொண்டா சாலைப் பட்டறையில்
நாலடிக்கு இரண்டரை அடி கருங்கல்,
இரண்டாயிரத்து முன்னூறு.
குட்டியானை வாடகை நானூறு.
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார் இம்தியாஸ்.
'தொல்பொருள் பாதுகாப்பு' என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

மதகடியில் இறக்கினோம்.
பூங்காவனம் ஒரு துண்டை அடித்துப் பார்த்தாள்.
"வழுக்குது. நாலு கோடு கொத்திக் குடுங்க."

உளி பிடித்தான் சம்பங்கி.
குறுக்கும் நெடுக்குமாய், கோணல்மாணலாய் நாலு கோடு.
தூசியை ஊதி
தண்ணீர் தெளித்ததும்
பழக்கதோஷத்தில்
குனிந்து
வாசிக்கப் பார்த்தார் ஹில்டா அக்கா.